பல்லுக்கு யார் பொறுப்பு?

சென்ற ஆண்டு ஆம்பூரில் நண்பர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்குப் போயிருந்தேன். நண்பர் தோல் மண்டியில் 35 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஆம்பூர்த் திருமணம் என்றால் பந்தியில் என்ன இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. சீரகச் சம்பா அரிசிப் பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி. பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே ஓர் எலும்பைக் கடித்தேன். 'கடக்' என்று ஓசை கேட்டது. எலும்பு முறிந்தது என்று மகிழ்ந்தேன். முறிந்தது என் கடைவாய்ப் பல்.

வயது அறுபதைத் தாண்டியவனுக்குப் பல் முறிவது ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். செய்தி அன்றுதான். ஆனால் அந்த ஒரு பல் என்னைப் பல இரவுகள் தூங்கவிடாமல் செய்தது. இரண்டு இரவுகள் வலியால். மற்ற இரவுகள் ஒரு கேள்வியால்.

அன்று மாலையே நண்பர் என்னை அவ்வூர்ப் பல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் ஒரு பெண்மணி. வெளியே இருந்த பெஞ்சில் எனக்கு முன்னால் ஓர் இளம்பெண் கன்னத்தைக் கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. விரல் நுனிகளில் பசைக் கறை. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலை என்று சொன்னாள்.

"ரெண்டு வாரமா வலி சார். கிராம்புத் தைலம் வெச்சு வெச்சுப் பார்த்தேன். நேத்து ராத்திரி தாங்க முடியல" என்றாள்.

மருத்துவரின் அறைக்கும் பெஞ்சுக்கும் இடையே ஒரு திரைதான். உள்ளே பேசியதெல்லாம் வெளியே கேட்டது.

"கீழ்க் கடைவாய்ப் பல்லும்மா. பிடுங்குவதென்றால் 500 ரூபாய். வேர் வரைக்கும் சுத்தம் செய்து கேப் போட்டுக் காப்பாற்றுவதென்றால் எல்லாமாக 8,000 ஆகும். மூன்று நான்கு தடவை வரவேண்டும்."

"புடுங்கிடுங்கம்மா."

"ஏம்மா, இருபத்தாறு வயசு. வேர் நல்லா இருக்கு. உனக்கு ஈ.எஸ்.ஐ. இருக்குமே, அங்கே காட்டினால் செலவில்லையே?"

"மூணு நாலு தடவைன்னா மூணு நாலு நாள் லீவும்மா. பையனுக்குக் காய்ச்சல்னு இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு நாள் போட்டுட்டேன். புடுங்கிடுங்க."

அரை மணி நேரத்தில் அவள் வாயில் பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். பிறகு என் முறை. மருத்துவர் என் வாயைப் பார்த்துவிட்டு, அதே சொற்களை அதே குரலில் சொன்னார். எனக்கும் கீழ்க் கடைவாய்ப் பல். பிடுங்க 500, காக்க 8,000. நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. "காப்பாற்றுங்கள்" என்றேன்.

ஒரே மாலை, ஒரே நாற்காலி, ஒரே பல், ஒரே விலை. அவளுடைய பல் தொட்டியில் கிடந்தது. என் பல் இன்றும் என் வாயில் இருக்கிறது.

சிகிச்சையின் நடுவே மருத்துவரிடம் கேட்டேன்: "ஒரு பல் போனால் பெரிய நஷ்டமா?" அவர் சிரித்தார். "ஒரு பல்லோடு நிற்காது, சார். இடம் காலியானால் பக்கத்துப் பல் அந்தப் பக்கம் சாயும். எதிர்ப் பல் மெல்ல இடம்விட்டு இறங்கும். நாள் போகப் போகக் கடிக்கும் கடியே மாறிவிடும்" என்றார். பல்வரிசையும் ஒரு குடும்பம்தான் போலும். ஒருவர் போனால் மற்றவர்கள் நிலைகுலைகிறார்கள்.

வேலூருக்குத் திரும்பியதும் என் மனைவி கணக்குப் போட்டாள். "ஒரு பல்லுக்கு எட்டாயிரம். எனக்கு வேறு இரண்டு பல் ஆடுகிறது. வேலை இருக்கிறதென்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். இன்ஷூரன்ஸ் ஏதாவது பாருங்களேன்" என்றாள். நியாயமான பேச்சு. வேலூரில் குடியிருப்பவனுக்கு மருத்துவச் செலவின் சுமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனையைத் தேடி, வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் மக்கள் இரண்டு நாள் ரயிலேறி வருகிறார்கள். விடுதி வாசல்களில் அவர்கள் மருந்துச் சீட்டையும் பணப்பையையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்பதைத் தினமும் காண்கிறேன்.

மறு வாரம் ஏஜெண்டு ஒருவர் வந்தார். வாணியம்பாடிக்காரர், இளைஞர், நல்ல பிள்ளை. மூன்று தாள்களை என் மேசைமேல் விரித்தார்.

முதல் தாள், வழக்கமான மருத்துவக் காப்பீடு. மருத்துவமனையில் படுத்தால் பணம் தருவார்கள். பல்லுக்கு? விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் உண்டு. சொத்தைக்கும் தேய்மானத்துக்கும் இல்லை. பிரியாணி எலும்பு விபத்தில் சேருமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சிரித்தார். இரண்டாம் தாள், அதோடு வெளிநோயாளிச் செலவையும் சேர்த்துக்கொள்ளும் திட்டம். அதில் பல்லும் உண்டு. ஆண்டுக்குக் கூடுதலாக 4,000 ரூபாய் கட்டவேண்டும். ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரையில் திரும்பப் பெறலாம். தொடக்கத்தில் சில காலம் காத்திருக்கவும் வேண்டும். மூன்றாம் தாள், ஒரு சலுகை அட்டை. குறிப்பிட்ட பல் மருத்துவமனைகளில் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கும். அது காப்பீடே அன்று. கடைக்காரர் தரும் கழிவு.

"பல்லுக்கென்றே தனிப் பாலிசி இல்லையா, தம்பி?"

"வெளிநாட்டில் நிறைய இருக்கு சார். நம்ம ஊரில் தனி ஆளுக்குப் பல்லுக்கு மட்டும்னு கிடைக்கிறது அபூர்வம்."

ஏன் அபூர்வம் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். தீ பிடித்தல் ஆயிரம் வீடுகளில் ஒரு வீட்டுக்கு நேர்வது. எந்த வீடு என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஆயிரம் பேரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டால் அந்த ஒருவரைத் தூக்கி நிறுத்திவிடலாம். பல் அப்படிப்பட்டதா? வாய்நோய்கள் உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்களைப் பற்றியிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் கணித்தது. இது ஊரே தீப்பிடித்த கதை. அதோடு, தீ சொல்லிக்கொண்டு வருவதில்லை. பல் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. தன் வாயின் நிலை அவரவருக்குத் தெரியும். வலி வந்தவன் சேருகிறான். வராதவன் விலகி நிற்கிறான். எல்லாருமே எடுக்க வந்தால் உண்டியலில் போடுகிறவன் யார்? ஆகவேதான் 4,000 வாங்கிக்கொண்டு 5,000 வரை தருவேன் என்கிறார்கள்.

அரசாங்கங்களே பல்லின் முன் தடுமாறியிருக்கின்றன. பிரிட்டனில் 1948 ஜூலையில் எல்லார்க்கும் இலவச மருத்துவம் என்று தொடங்கினார்கள். பொய்ப்பல் கட்டிக்கொள்ள எதிர்பார்த்ததைவிடப் பெருங்கூட்டம் வந்தது. அத்தனை காலமும் பல்லில்லாமலும் வலியோடும் வாழ்ந்தவர்கள் அத்தனை பேர்! செலவைத் தாங்க முடியாமல் 1951-ல் பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதிக் கட்டணம் விதிக்க முடிவு செய்தார்கள். அந்தத் திட்டத்தை உருவாக்கிய அமைச்சர் அனூரின் பெவன் அதை எதிர்த்துப் பதவியையே துறந்தார். ஒரு பல்செட்டுக்காகவா ஒருவர் மந்திரி பதவியை விடுவது என்று அன்று சிலர் நகைத்திருப்பார்கள். என்னால் நகைக்க முடியவில்லை. ஆம்பூரில் படியிறங்கிப் போன பெண் என் கண்முன் நிற்கிறாள்.

ஏஜெண்டு விண்ணப்பத் தாளை எடுத்தார். அதில் ஒரு கேள்வி இருந்தது: பல்நோய் ஏதும் ஏற்கெனவே உண்டா? சிகிச்சை தேவை என்று மருத்துவர் யாரேனும் சொன்னதுண்டா?

என் மனைவியின் இரண்டு பற்கள் நினைவுக்கு வந்தன. பேனா நின்றது. அந்த இளைஞர் அதைப் பார்த்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, உண்மையிலேயே எனக்கு நன்மை செய்யும் எண்ணத்தோடு சொன்னார்: "'இல்லை'ன்னு போட்டுடுங்க சார். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. அஞ்சு வருஷம் விடாமல் கட்டிட்டா அப்புறம் கேள்வி கேட்கமாட்டாங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. 2024-ல் வந்த விதிகளின்படி, 60 மாதங்கள் தொடர்ந்து கட்டிவிட்டால், எதையோ சொல்லவில்லை என்று காரணம் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் மறுக்கலாம். தெரிந்தே மறைப்பதற்கு வேறு என்ன பெயர்?

அவரை மறுநாள் வரச்சொல்லிவிட்டு, அன்றிரவு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் பொய் சொன்னால் யாருக்கு நஷ்டம்? கம்பெனிக்கு என்றது மனம். கம்பெனி பெரிது, அதற்கு ஒரு பல் உறைக்காது. ஆனால் கம்பெனி அந்தப் பணத்தை எங்கிருந்து எடுக்கிறது? என்னைப் போலவே எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்ட யாரோ ஒருவரிடமிருந்து. அவர் ஒரு பள்ளி ஆசிரியராக இருக்கலாம். கணவனை இழந்தவராக இருக்கலாம். அவர் முகம் எனக்குத் தெரியாது. முகம் தெரியாதவரை ஏமாற்றுவது எவ்வளவு எளிதாக இருக்கிறது!

நம் ஊரில் சீட்டுக் கட்டாத வீடு குறைவு. சீட்டில், நடத்துகிறவர் நாணயஸ்தராக இருந்தால், கட்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு முறை பணம் வரும். முன்னே பின்னே ஆகலாம், வராமல் போகாது. அந்தப் பழக்கத்தோடுதான் நாம் காப்பீட்டையும் பார்க்கிறோம். "கட்டினோமே, என்ன திரும்பி வந்தது?" என்று கேட்கிறோம். பத்து ஆண்டு கட்டி ஒன்றும் வாங்காதவன் தன்னை ஏமாளி என்று நினைக்கிறான். உண்மையில் அவன்தான் பாக்கியசாலி. அவன் வீட்டில் யாரும் படுக்கவில்லை. அவன் கட்டிய பணம் யார் வீட்டிலோ ஒரு படுக்கைக்குப் போயிற்று. தான் கொடுத்தது திரும்பி வராததற்காக மகிழ்ச்சியடைய வேண்டிய ஏற்பாடு உலகத்தில் தருமத்துக்கு அடுத்தபடி இது ஒன்றுதான்.

"பல்லைக் கவனிக்காதவனுக்காகக் கவனிப்பவன் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று ஒரு கேள்வி எழும். எழவேண்டிய கேள்விதான். எங்கள் பாலாற்றங்கரையில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறே உண்டு. தோல் ஷாப்புகளின் கழிவுநீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே செலவை ஏற்கவேண்டும், கேடு வருமுன் காக்கவேண்டும் என்ற இரண்டு நெறிகளை அந்தத் தீர்ப்பு நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றியது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. செய்தவன் கொடுக்கட்டும் என்பது ஆற்றுக்கு நல்ல நீதி. குழாய் எந்த மதிலிலிருந்து வருகிறது என்று கண்ணால் காணலாம்.

பல்லுக்கு அப்படிக் காண முடியுமா? என் மனைவி இரண்டு வேளை பல் தேய்ப்பவள், இனிப்பைத் தொடமாட்டாள். அவளுக்கு ஐம்பது வயதில் ஈறு கரைந்தது. என் மைத்துனர் வெற்றிலையும் புகையிலையுமாக வாழ்ந்தவர். எழுபது வயதில் கரும்பைக் கடித்துத் தின்கிறார். ஷூ கம்பெனிப் பெண் இரண்டு வாரம் தைலம் தடவிக்கொண்டிருந்தது அலட்சியமா? விடிவதற்குள் சமைத்து, கம்பெனி வண்டியைப் பிடித்து, இருட்டியபின் வீடு திரும்புகிறவளுக்கு அலட்சியம் என்ற சொல் பொருந்துமா? ஒரு பல் கெட்டதில் விதி எவ்வளவு, வினை எவ்வளவு, வறுமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த நீதிமன்றமும் இல்லை. பிரிக்க முடியாத இடத்தில் பகிர்ந்துகொள்வதைத் தவிர வேறு நியாயமான வழி எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பகிர்வை அந்தப் பெண் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள் என்பது எனக்கு வெகு நேரம் கழித்துத்தான் உறைத்தது. தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் நம் நாட்டில் 1948-ல் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. 2019 ஜூலையில் வகுத்த விகிதப்படி தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளி மூன்றேகால் ரூபாய். மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறவளிடம் 90 ரூபாய் பிடிப்பார்கள். கம்பெனி 390 ரூபாய் போடும். 'உனக்கு என்ன நோய் உண்டு' என்று கேட்டுச் சேர்ப்பதில்லை. குறைந்த சம்பளக்காரன் குறைவாகக் கொடுக்கிறான். அதற்காகச் சிகிச்சை குறைவதில்லை. அவளுடைய 90 ரூபாய் ராணிப்பேட்டையில் ஒருவருக்கு மாத்திரையாகவும், பேரணாம்பட்டில் ஒருத்திக்குப் பிரசவச் செலவாகவும் போகிறது. அவள் எந்தத் திட்டத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்று தாள்களை யாரும் அவள்முன் விரிக்கவில்லை.

தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்குத்தான் இருந்தது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன்? என் வாயை மட்டும் பார்த்தேன். போட்டதைவிட அதிகம் எடுக்க முடியுமா என்று பார்த்தேன். அமெரிக்காவில் 1954-ல் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் ஒரு பல் திட்டம் கேட்டுப் பெற்றதாம். கேட்டது தங்களுக்காக அன்று, பிள்ளைகளின் பற்களுக்காக. கூட்டமாகக் கேட்கும்போது மனிதனுக்கு நீண்ட பார்வை இருக்கிறது. தனியே ஒரு தாளின் முன் உட்காரும்போது அது குறுகிவிடுகிறது. 'தனிநபர் திட்டம்' என்ற பெயரே விந்தையானது. தனி ஒருவன் தன்னையே தாங்கிக்கொள்ள முடியுமானால் திட்டம் எதற்கு?

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் "புடுங்கிடுங்க" என்றபோது என் சட்டைப்பையில் திருமணத்துக்காக எடுத்துச்சென்ற பணம் இருந்தது. 'நான் கொடுக்கிறேன், பல்லைக் காப்பாற்றுங்கள்' என்று சொல்ல நா எழுந்தது. எழுந்த நா படுத்துக்கொண்டது. முன்பின் தெரியாத பெண், என்ன நினைப்பாளோ? இன்று இவளுக்குக் கொடுத்தால் நாளை எத்தனை பேருக்கு? இப்படிக் காரணங்கள் வரிசையாக வந்தன; காரணங்களுக்கு என்றைக்குப் பஞ்சம்? அவள் படியிறங்கிப் போனாள். பணம் பையிலேயே இருந்தது. பணம் இருந்திருந்தாலும் அவளுக்கு அந்த நான்கு நாள் லீவு இருந்திருக்காது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அதுவும் ஒரு காரணம்தான்.

இதிலிருந்து நான் கற்றது இதுதான். தனி மனிதனின் இரக்கம் நல்லது. ஆனால் நம்பத்தக்கது அன்று. அது கூச்சப்படும், கணக்குப் பார்க்கும், எழுந்து வீட்டுக்குப் போய்விடும். மாதந்தோறும் பிடித்தம் செய்யும் 90 ரூபாய் கூச்சப்படுவதில்லை. நம் இரக்கம் நம்மைக் கைவிடும் நேரங்களுக்காக நாம் முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழிதான் காப்பீடு.

மறுநாள் அந்த இளைஞர் வந்தபோது 'ஆம்' என்று எழுதினேன். அவர் முகம் வாடியது. முதல் தாளையே தேர்ந்தெடுத்தேன். பல் இல்லாத, பெருநோய்க்கும் படுக்கைக்குமான திட்டம். எவராலும் தனியே தாங்க முடியாததை எல்லாரோடும் சேர்ந்து தாங்குவதே சரி என்று பட்டது. ஏற்கெனவே உள்ள நோய் என்று அறிவித்தவற்றுக்கு 36 மாதங்களுக்கு மேல் காக்கவைக்கக் கூடாது என்று 2024 விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. வாங்கிய 30 நாட்களுக்குள் மனம் மாறினால் பாலிசியைத் திருப்பித் தரலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத வரியும் நீங்கிற்று. நேர்மையாக எழுதுகிறவனுக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கத்தான் செய்கிறது. பல்லுக்கென்று கூடுதலாகக் கட்டவிருந்த 4,000 ரூபாயை அஞ்சலகத்தில் தனியே போட்டு வருகிறோம். என் மனைவியின் இரண்டு பற்களில் ஒன்று அதில் பிழைத்தது.

ஆம்பூர் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் தொழிலை வைத்தே பேசினார். "பச்சைத் தோலைச் சும்மா போட்டால் இரண்டு நாளில் நாறும், சார். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறப்போடுவார்கள். அந்தத் துவர்ப்பு ஏறிய தோல் தலைமுறைக்கும் நிற்கும். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று சொன்னார்களே, அதுவும் அதே துவர்ப்புத்தான்" என்றார். அழுகுமுன் செய்யவேண்டியதை அழுகுமுன் செய்வது அவரவர் வேலை. அது என் கைக்கு எட்டுவது. அதற்கு நான் பொறுப்பு. என் கைக்கு எட்டாததும், அந்தப் பெண்ணின் கைக்கு எட்டாததும் எங்கள் இருவருக்கும் பொது.

பல் போன இடத்தை நாக்கு அடிக்கடி தேடிப்போகும் என்பார்கள். எனக்குப் பல் போகவில்லை. கேப் போட்டு உறுதியாக நிற்கிறது. ஆயினும் என் நாக்கு நாளைக்குப் பத்து முறை அந்த இடத்துக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும், ஆம்பூரில் தைக்கும் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் இன்னொருத்தியின் நாக்கும் அதே இடத்துக்குப் போகும் என்று நினைத்துக்கொள்கிறேன். அங்கே ஒன்றும் இருக்காது.